சத்திரத்தில் நிற்கும் வண்டி எந்த ஊருக்கு?

மாலை ஐந்து மணிக்கு மேல் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் கல்லூரி விட்ட கூட்டம் நெரியும். அப்படி ஒரு மாலையில் ஸ்ரீரங்கம் வண்டிகள் வந்து நிற்கும் பக்கம், வெள்ளைக் கோலைத் தோளோடு சாய்த்துக்கொண்டு ஒரு மாணவி நின்றிருந்தாள். வண்டி ஒன்று வந்தது. “திருவானைக்கோவில், ஸ்ரீரங்கம், ஸ்ரீரங்கம்… ஏறு ஏறு” என்று படியில் தொங்கியபடி கண்டக்டர் குரல் கொடுத்தார். அவள் குரல் வந்த பக்கம் திரும்பி, நாலு எட்டு வைத்து, கோல் நுனியால் படியைத் தொட்டுப் பார்த்து ஏறிக்கொண்டாள். யாரும் கை கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டியும் இருக்கவில்லை.

அடுத்த வண்டியின் நெற்றியில் ஊர்ப்பெயர் சிவப்பு எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கண்டக்டர் வாயைத் திறக்கவில்லை. பலகைதான் சொல்கிறதே என்று நினைத்திருப்பார். தூண் ஓரமாக நின்றிருந்த பார்வையற்ற பெரியவர் ஒருவர், “இது எங்க போற வண்டி சார்?” என்று பக்கத்தில் கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் சுற்றிக்கொண்டு அவரிடம் போய்ச் சேருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அது அவருடைய வண்டிதான்.

பார்வையற்றோருக்கான தொழில்நுட்பம் என்றதும் பலருக்கும் பேசும் கண்ணாடியும் விலை கூடிய கருவிகளும் நினைவுக்கு வரும். எனக்கு அந்த முதல் கண்டக்டரின் குரல் நினைவுக்கு வருகிறது. அவர்களுக்கென்று தனியாகச் செய்த கருவிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்குமாக வாய்விட்டுப் பேசும் பொதுப்பொருள்தான் அவர்கள் அன்றாடத்தை மிகுதியாக மாற்றியிருக்கிறது. அந்தப் பொருள் பேச்சை நிறுத்தும்போதெல்லாம் அவர்கள் இழந்திருக்கிறார்கள். செய்தி, எழுத்து, பணம், பயணம் என்று எதை எடுத்துப் பார்த்தாலும் இதுதான் நடந்திருக்கிறது.

முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர், தமிழ்நாட்டில் சுமார் 1.27 லட்சம் பேர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணில் பார்வை 3/60க்குக் கீழே இருந்தாலோ, பார்வைப் புலம் 10 பாகைக்குள் சுருங்கியிருந்தாலோ பார்வையின்மை என்கிறது. அந்த இரண்டாவது வகையினர் படும் பாடு தனி. நாளிதழின் எழுத்தை அவர்களால் படிக்க முடியும், ஆனால் பக்கத்திலிருக்கும் தூணில் முட்டிக்கொள்வார்கள். குழாய் வழியாகப் பார்ப்பது போன்ற பார்வை அது. கோலை மடக்கிப் பையில் வைத்துவிட்டுச் செல்பேசியை முகத்தருகே வைத்துப் படித்தால், “கண்ணு தெரியுது, நடிக்கிறான்” என்று பேருந்திலேயே சொல்லிவிடுவார்கள். முழுப் பார்வையின்மையை ஏற்றுக்கொள்ளும் நம் ஊர், அரைப் பார்வையை ஏற்க இன்னும் பழகவில்லை.

கண்புரையால் வரும் பார்வையிழப்பு வேறு கதை. ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் பார்வையிழப்புக்கு இந்தியாவில் முதல் காரணம் இன்றும் கண்புரைதான். அதை அறுவைச் சிகிச்சையில் சரிசெய்துவிடலாம். திருச்சியில் ஜோசப் கண் மருத்துவமனை 1934 முதல் அந்தப் பணியைச் செய்துவருகிறது. இங்கே நான் எழுதுவது, மருத்துவம் தன்னால் ஆனதைச் செய்து முடித்த பிறகும் பார்வையில்லாமல் படித்து, வேலைக்குப் போய், பேருந்து ஏறி வாழ்கிறவர்களைப் பற்றி.

எழுத்திலிருந்து தொடங்கலாம். பார்வையற்ற புலவர் அந்தகக்கவி வீரராகவ முதலியாருக்கு முதுகில் விரலால் எழுதிக் காட்டித்தான் எழுத்து கற்பித்தார்கள் என்று ஒரு செவிவழிச் செய்தி உண்டு. உண்மையோ கதையோ, தொடு உணர்வு வழியாக எழுத்து உள்ளே போகும் என்பது தமிழுக்குப் பழைய சங்கதி என்று அது காட்டுகிறது. பிரான்சில் லூயி பிரெயில் தம் பதினைந்தாவது வயதில், 1824இல், ஆறு புள்ளிகளுக்குள் எழுத்து முழுவதையும் அடக்கினார். இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயில் 1951இல் வந்தது.

திருச்சி புத்தூரில் பார்வைத்திறன் குறையுடைய பெண்களுக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. இப்படிப்பட்ட பள்ளிகளில் சிறு பிள்ளைகள் சிலேட்டும் ஸ்டைலஸும் வைத்து எழுதுவதை ஒருமுறையாவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். தடித்த தாளைச் சட்டத்தில் பூட்டி, ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டே போவார்கள். தாளைத் திருப்பினால் புள்ளிகள் புடைத்து நிற்கும். அதை இடமிருந்து வலமாக விரலால் படிப்பார்கள். ‘அம்மா’ என்ற சொல்லுக்கு ஐந்து கட்டங்கள். முதல் கட்டத்தில் ஒரே ஒரு புள்ளி, அது அகரம். அடுத்தது ஒற்றுப்புள்ளி. நாம் மெய்யின் தலைமேல் வைக்கும் அந்தப் புள்ளி பிரெயிலில் மெய்க்கு முன்னால் வந்து நிற்கும். பிறகு மகரம், மறுபடி மகரம், கடைசியில் ஆகாரம். எழுதும்போது இத்தனையையும் கண்ணாடியில் தெரிவதுபோல் புரட்டிக் குத்த வேண்டும். ஏழு வயதுப் பிள்ளை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இதைச் செய்யும்.

பிரெயிலுக்கு உள்ள ஒரே சங்கடம் அதன் பருமன். கையடக்க நாவல் ஒன்று பிரெயிலில் தடித்த பல தொகுதிகளாக விரியும். அன்றாடச் செய்தியை அப்படி அச்சடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து போட முடியாது. செய்தி வேறு வழியில் வந்தது.

1939 மே 16ஆம் தேதி திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது. பார்வையற்றோர் வரலாற்றில் அந்த நாளையும் சேர்த்து எழுத வேண்டும் என்பேன். அவர்களை மனத்தில் வைத்து யாரும் வானொலியைத் தொடங்கவில்லை. ஆனால் பார்வையுள்ளவரும் இல்லாதவரும் ஒரே செய்தியை ஒரே நொடியில், யார் தயவும் இல்லாமல் தெரிந்துகொண்டது அதிலிருந்துதான். செய்தி வாசிப்பாளர் சரோஜ் நாராயணசுவாமியின் கணீர்க் குரல் டெல்லியிலிருந்து வரும்போது, தேநீர்க் கடையில் நின்ற அத்தனை பேரும் ஒரே நிலையில் இருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற பார்வையற்ற ஆசிரியர் ஒருவர், “ரேடியோ காலத்துல நான்தான் தெருவுக்கே நியூஸ் சொல்லுவேன்” என்பார். தொலைக்காட்சி வந்ததும் செய்தி பாதி காதுக்கும் பாதி கண்ணுக்குமாகப் பிரிந்தது. தேர்தல் நாளன்று வாசிப்பாளர், “முன்னணி நிலவரம் திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது” என்று சொல்லிவிட்டு விவாதத்துக்குப் போய்விடுவார். வெள்ள நேரத்தில், “திரையில் தெரியும் எண்ணுக்கு அழையுங்கள்” என்பார்கள். அந்த எண்ணை வாசிக்கப் பத்து விநாடி போதும்.

கணினியோ பெரிய நம்பிக்கையோடு வந்தது. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள் ஆங்கிலத்தில் தொண்ணூறுகளிலேயே நன்றாக வேலை செய்தது. ஆனால் அப்படிப்பட்ட ஜாஸ் என்ற மென்பொருளின் விலை நம் மாணவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற இரு பார்வையற்ற இளைஞர்கள் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை எழுதி இலவசமாகக் கொடுத்தார்கள். இன்று பார்வையற்ற கல்லூரி மாணவர்களிடையே அது எல்லாரும் அறிந்த பெயர். தமிழையும் அது வாசிக்கும். ஆனால் ஒரு நிபந்தனை: அந்தத் தமிழ் யூனிகோடில் இருக்க வேண்டும்.

நம் அச்சகங்களும் அலுவலகங்களும் நெடுங்காலம் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்துவந்தன. அவை ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவத்தை மாட்டிவைத்தவை. கண்ணுக்கு ‘அம்மா’ என்று தெரியும். உள்ளே கணினியின் கணக்கில் அது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரைவாசிப்பான் அதை அப்படியே ஒப்பிக்கும். பாடக் குறிப்பு முழுவதும் இப்படி எம், கே, எச் என்று காதில் கொட்டினால் எந்த மாணவி படிப்பாள்? பிரெயிலில் ஐந்து கட்டத்தில் ஒழுங்காக வந்த அம்மா, கணினிக்குள் வந்ததும் சிதறிப்போனாள். 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் அனைத்து எழுத்துரு முறையான டேஸ்16ஐயும் தரமாக அறிவித்தது. அறிவித்து இத்தனை ஆண்டுகள் ஆகியும், பழைய எழுத்துருவில் அடித்த சுற்றறிக்கையையும், அதைவிட மோசமாக, தாளில் எடுத்து, கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, ஒளிப்படமாக வருடிய பிடிஎஃபையும் இன்றும் பார்க்கிறோம். வருடிய பக்கத்தில் எழுத்தே கிடையாது. அது வெறும் படம். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் இப்போது தமிழுக்கும் நன்றாக வந்துவிட்டது என்றாலும், வேலைவாய்ப்பு அறிவிப்பின் கடைசித் தேதியில் ஒரு எண் மாறிப் படித்தால் போனது போனதுதான்.

இந்தத் தவறுக்குச் செலவு செய்யாமலே மாற்று இருக்கிறது. யூனிகோடில் தட்டச்சு செய்து, அந்தக் கோப்பையே பிடிஎஃபாகச் சேமித்தால் போதும். இதற்குக் கருவி வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம், குழு அமைக்க வேண்டாம்.

செல்பேசி வந்தபோது கதை மறுபடி திரும்பியது. 2009இல் ஐபோனில் வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான்கள் வந்தன. இவை தனியாக வாங்கும் பொருள்கள் அல்ல. எல்லாரும் வாங்கும் அதே செல்பேசிக்குள் இருப்பவை. விரல் படும் இடத்தையெல்லாம் இவை வாசிக்கும், இருமுறை தட்டினால் திறக்கும். பழகியவர்கள் வைத்திருக்கும் வேகத்தில் நமக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. நண்பர் ஒருவர் காலைக் காப்பிக்குள் நான்கு நாளிதழ்களின் இணையப் பக்கங்களைக் கேட்டு முடித்துவிடுவார். வானொலிக் காலத்து ஆசிரியரைப் போல இவரும் தெருவுக்குச் செய்தி சொல்லுகிறார் என்று நான் மகிழ்ந்தேன்.

அந்த இடத்தில்தான் செய்தி அட்டை வந்து சேர்ந்தது. தலைப்பு, முகம், சின்னம் எல்லாவற்றையும் ஒரே படமாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புவதுதான் இன்று செய்தியின் பொதுவடிவம். அடைமழை நாளில் காலை ஆறு மணிக்கு, பள்ளிக்கு விடுமுறையா இல்லையா என்று ஊரே செல்பேசியைப் பார்க்கும். குழுவில் பத்து அட்டைகள் விழுந்திருக்கும். டாக்பேக் பத்து முறையும் “படம்” என்று சொல்லும். பார்வையற்ற தாய் ஒருத்திக்குத் தன் பிள்ளையின் பள்ளி விடுமுறையைத் தெரிந்துகொள்ள அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. அட்டைக்குக் கீழே ஒரு வரி தட்டச்சு செய்துவிட்டால் தீர்ந்தது. நாளிதழ்களின் மின்பதிப்புகளும் பக்கத்தைப் படமாகக் காட்டும்போது இதே சிக்கல்தான்.

பணத்துக்கு வருவோம். இதில் பார்வையுள்ளவர்கள் கவனிக்காமலே ஒரு பெரிய இழப்பு நடந்தது. 2016 நவம்பருக்கு முந்தைய தாள்களில் நூறு ரூபாய் 157 மில்லிமீட்டர் நீளம், ஐந்நூறு 167, ஆயிரம் 177. பத்துப் பத்து மில்லிமீட்டர் இடைவெளி. விரலிடுக்கில் மடக்கிப் பார்த்தே எது எது என்று சொல்லிவிடுவார்கள். புதிய வரிசையில் நூறு 142, இருநூறு 146, ஐந்நூறு 150. இடைவெளி 4 மில்லிமீட்டராகச் சுருங்கியது. நூறில் முக்கோணம், ஐந்நூறில் வட்டம் என்று புடைப்புக் குறியும், ஓரத்தில் சாய்கோடுகளும் இருக்கின்றன. புதுத்தாளில் அவை தட்டுப்படும். பேருந்துக் கூட்டத்தில் வியர்வைக் கையில் ஆறு மாதம் புழங்கிய தாளில் ஒன்றும் தட்டுப்படாது. ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1 அன்று மணி என்ற செயலியை வெளியிட்டது. கேமராவின் முன் தாளைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும், இணைய இணைப்பும் வேண்டாம். நல்ல செயலி. ஆனால் நகரும் பேருந்தில் ஒரு கையில் கோல், ஒரு கையில் கம்பி என்று நிற்பவர் எந்தக் கையால் செல்பேசியை எடுப்பார்? தாளின் நீளம் செய்த வேலையைச் செயலி முழுதாகச் செய்துவிடாது.

இதற்கு மாறான கதையும் கண்முன்னே நடந்தது. பெட்டிக்கடையில் வைத்திருக்கும் கியூஆர் ஒலிப்பெட்டி! “இருபது ரூபாய் பெறப்பட்டது” என்று அது உரக்கச் சொல்வது, கூட்டத்தில் ஏமாறாமலிருக்க எல்லாக் கடைக்காரர்களுக்காகவும் வந்தது. பேனாவும் ஊதுபத்தியும் விற்கும் பார்வையற்ற வியாபாரிகளுக்கு அது கிடைத்த வரம். பத்து ரூபாய்த் தாளைக் கொடுத்துவிட்டு ஐம்பது என்று சொல்லிப் போகிறவர்களிடம் ஏமாந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்தப் பெட்டியின் அருமையைச் சொல்வார்கள்.

இனி மறுபடி சத்திரத்துக்கு. ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் புதுப்பிக்கப்பட்டு 2021 டிசம்பர் இறுதியில் திறந்த நிலையம் இது. பார்வையற்ற பயணிக்கு ஊர் என்பது மனத்தில் வரைந்துகொண்ட படம். எந்தத் தூணிலிருந்து எத்தனை எட்டில் எந்த வண்டி, எந்த இடத்தில் தேநீர் வாசம், எங்கே தரை இறங்குகிறது என்று ஒவ்வொன்றாகச் சேர்த்த படம். வண்டிக்குள் உட்கார்ந்த பிறகும் அது தொடரும். ஸ்ரீரங்கம் போகிறவர், முகத்தில் காற்று திடீரென்று மாறுவதையும் பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் தடதடப்பதையும் வைத்துக் காவிரி வந்துவிட்டதை அறிவார். தடதடப்பு நின்றால் மாம்பழச்சாலை. நிலையம் மாறும்போது இந்தப் படம் முழுவதும் கலைந்துவிடும். 2025 ஜூலையில் பஞ்சப்பூர் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் செயல்பாட்டுக்கு வந்து வெளியூர் வண்டிகள் அங்கே போனபோது, பார்வையுள்ளவர்கள் பலகையைப் பார்த்துப் பழகிக்கொண்டார்கள். பார்வையற்றவர்களுக்கு அது பல நாள் வேலை. புதிய நிலையம் ஒன்று திறக்கும்போது முதல் வாரத்தில் அவர்களை அழைத்து, கையால் தொட்டும் நடந்தும் பார்க்க வைக்கும் வழக்கம் நம் ஊரில் ஏற்பட வேண்டும்.

அவர்களுக்கு வழிகாட்டத் தரையில் பதிக்கும் புடைப்பு ஓடுகளை ஜப்பானில் செய்ஈச்சி மியாக்கே உருவாக்கினார். 1967இல் ஒக்கயாமா நகரத்தில் முதலில் பதித்தார்கள். நீள வரி இருந்தால் நேரே நட, புள்ளி இருந்தால் நில் என்று பொருள். நம் நகரங்களில் இந்த ஓடுகளை அழகுக்குப் பதிப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். ஓடு போய் மரத்தில் முட்டும், அல்லது அதன் மேல் இருசக்கர வண்டி நிற்கும். ஓடே இல்லாத இடத்தில் கோலால் தட்டி வழி கண்டுபிடிப்பவர், தவறாகப் பதித்த ஓடுகளை நம்பி இடறி விழுகிறார்.

எந்த வண்டி என்ற கேள்விக்கு டெல்லி ஐஐடியில் ‘ஆன்போர்டு’ என்ற கருவியைச் செய்தார்கள். பயணி கையிலுள்ள பொத்தானை அழுத்தினால், அருகில் நிற்கும் பேருந்தின் வாசலில் பொருத்திய ஒலிபெருக்கி தன் தடம் எண்ணைச் சொல்லும். குரல் வரும் திசையே வாசலின் திசை. கண்டக்டர் குரலின் வேலையை இயந்திரம் அப்படியே செய்கிறது என்பதுதான் இதன் அருமை. சென்னை மாநகரப் பேருந்துகள் சிலவற்றில் 2022 டிசம்பர் முதல் அடுத்த நிறுத்தத்தின் பெயரை ஒலிக்கும் அறிவிப்பு வந்தது. ஊருக்குப் புதியவர்கள், முதியவர்கள், தூங்கிவிடுகிறவர்கள் எல்லாருக்கும் அது உதவுகிறது. வண்டிக்குள் பேசுவது போலவே வெளியிலும் பேச வேண்டும். நிறுத்தத்தில் நிற்பவருக்கு, உள்ளே ஒலிக்கும் அறிவிப்பால் பயனில்லை. இரண்டையும் திருச்சி நகரப் பேருந்துகள் அத்தனையிலும் வைப்பது பெரிய செலவு என்று எனக்குத் தோன்றவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று, அணுகல் வசதி என்பது செய்தாலும் செய்யலாம் என்ற பரிந்துரையாக இருக்க முடியாது, கட்டாய விதியாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரல் 30 தீர்ப்பு இன்னும் நேரடியானது. வங்கிக் கணக்குக்கும் சிம் அட்டைக்கும் அடையாளம் சரிபார்க்கும்போது, கேமராவின் முன் கண்ணைச் சிமிட்டச் சொல்லிவந்தார்கள். அதை எதிர்த்து ஆசிட் வீச்சில் முகம் சிதைந்தவர்களும் பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயினும் நீதிமன்றம் போனார்கள். இணையவழிச் சேவையை அணுகுவது வாழும் உரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொல்லி, 20 உத்தரவுகள் பிறப்பித்தது. தீர்ப்புகள் வந்துவிட்டன. கேப்ட்சா என்ற கோணல் எழுத்துப் படத்தைக் கடக்க முடியாமல் விண்ணப்பத்தின் பாதியில் நிற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

செயற்கை நுண்ணறிவு பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2015இல் டென்மார்க்கில் தொடங்கிய ‘பி மை ஐஸ்’ செயலி, பார்வையற்றவரின் கேமராவை எங்கோ இருக்கும் தன்னார்வலருக்குக் காட்டி உதவி கேட்க வழி செய்தது. இப்போது அதே வேலையை இயந்திரமும் செய்கிறது. புகைப்படத்தைக் காட்டினால் யார் என்ன நிறச் சேலை கட்டியிருக்கிறார் என்பதுவரை தமிழிலேயே விவரிக்கிறது. தன் கல்யாணப் படத்தை இருபது ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக ‘கேட்ட’ ஒருவர் என்னிடம் சொன்னபோது அவருக்குக் குரல் தழுதழுத்தது. ஆனால் இந்த இயந்திரம் தெரியாததையும் தெரிந்த குரலிலேயே சொல்லும். சேலை நிறத்தில் தவறினால் பரவாயில்லை. மாத்திரை அட்டையிலும் பேருந்து எண்ணிலும் அதை மட்டும் நம்பக் கூடாது என்பதை அதைப் பயன்படுத்துகிறவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.

பேருந்துகள் எல்லாம் பேசும் நாள் வரும்வரை சத்திரத்தில் நாம்தான் இருக்கிறோம். வெள்ளைக் கோலோடு யாராவது நிற்பதைப் பார்த்தால், “எந்த பஸ்ஸுக்குங்க நிக்கிறீங்க?” என்று அருகில் போய்க் கேளுங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள், கோலைத் தொடாதீர்கள். உங்கள் முழங்கையைக் கொடுங்கள், அவர் பிடித்துக்கொண்டு அரை எட்டுப் பின்னால் வருவார். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். கண்டக்டர் அண்ணன்மார்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: நெற்றிப் பலகை எவ்வளவு பளிச்சென்று எரிந்தாலும், வண்டி வந்து நின்றதும் ஊர்ப்பெயரை உரக்கச் சொல்லுங்கள்.